இடது பக்கம் இழுக்கும் கார்

ஒரு பட்டறையில் கார்களைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட்கள் இரண்டு இருந்தன. இடது பக்கம் இருந்ததற்கு இரண்டு கால். வலது பக்கம் இருந்ததற்கு நாலு கால். ஓடும்போது தானாக இடது பக்கம் இழுக்கும் ஒரு பழைய கார், வீல் அலைன்மென்ட் பார்க்க வந்து வாசலில் நின்றது.

"என் மேல ஏறி உன் சக்கரத்துலயே நில்லு. எது எவ்வளவு கோணல்னு சொல்லிடுறேன்" என்றது நாலு கால்.

காருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அவன் கெடக்கான், நீ வாப்பா" என்ற இரண்டு கால், காரின் வயிற்றுக்கு அடியில் கைகொடுத்து ஆள் உயரத்துக்குத் தூக்கியது. சக்கரங்கள் நாலும் அந்தரத்தில் தொங்கின. "இப்ப எந்தப் பக்கமாவது இழுக்குதா?"

"இல்லண்ணே. சுகமா இருக்கு."

"அப்போ சரியாயிடுச்சு. போயிட்டு வா."

கார் தெருமுனையைத் தாண்டவில்லை. இடது ஓரம் நின்ற இளநீர் வண்டியில் போய் முட்டியது. உடைந்த ஹெட்லைட்டோடு திரும்பி வரும்போது முன் டயர் அழுதது.

"ஓரமெல்லாம் தேஞ்சு கம்பி தெரியுது. இந்தத் தடவையாவது அந்த நாலு கால் அண்ணன்கிட்ட போயேன்."

"அங்கதான் போறேன்" என்றது கார். மனசார முடிவு செய்து, நாலு காலையே பார்த்தபடி உள்ளே நுழைந்தது. நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் ஒதுங்கி, இரண்டு காலுக்கு நடுவில் போய் நின்றது.

இரண்டு கால் எதிர்ப்பக்கம் நின்ற நாலு காலைப் பார்த்துச் சொன்னது:

"பாத்தியா? நான் கூப்பிடவே இல்ல."