குளவிப்படை

“எனக்கு எதுக்குத் தம்பி ரெக்கை? ஏணியில ஏறினாலே தலை சுத்தும்!”

வெள்ளையம்மா சொன்னதும், தேயிலை நிறுக்கும் கொழுந்து மடுவமே சிரித்தது. நிறுவை முடிந்து கூடைகள் காலியாகக் கிடந்தன. தோட்டப் பள்ளி ஆசிரியன் அஜந்தன் விரித்த சித்திரக்கதையைச் சுற்றி மூன்று பெண்கள் குந்தியிருந்தார்கள்.

கதையின் பெயர் ‘குளவிப்படை’. ஏழாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைகிறது. மூன்று கொழுந்துப் பெண்களைக் குளவிகள் கொட்டுகின்றன. ஆஸ்பத்திரியில் கண் விழித்தால் ஒருத்திக்கு இறக்கை. ஒருத்திக்கு இரும்புக் கை. மூன்றாமவள் கூப்பிட்டால் பாறை பிளக்கும்.

“மீனாம்பாளக்காவுக்கு இந்தக் குரல் முன்னமே இருக்கே. கங்காணியக் கேளுங்க,” என்றாள் விஜயகலா.

“ஒனக்கு இரும்புக் கையாம். ஒம்புருஷன் பாவம்!” என்றாள் மீனாம்பாள். “மாஸ்டர்னா மாஸ்டர்தான். என் மூக்குத்திகூட அப்படியே இருக்கு.”

அஜந்தன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

“எல்லாம் உங்க முகம். நீங்க சரின்னாத்தான் நாளைக்குப் பலாங்கொடைக்கு அச்சுக்குக் குடுப்பேன்,” என்றான்.

“குடுங்கண்ணே. நம்ம புள்ளைங்க நம்மளப் பத்தி வாசிக்கட்டும்,” என்றாள் விஜயகலா.

வெள்ளையம்மா கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். சிரிப்பு போயிருந்தது.

“பிரஷாந்தினி எங்க?”

அஜந்தன் தரையைப் பார்த்தான்.

“அன்னைக்கு நெசமாவே குளவி கொட்டுனப்ப, இடுப்புல கட்டின படங்குச் சாக்க அவுத்து எங்க மேல போத்துனது அவ. கொட்டு வாங்கிக்கிட்டே மூணு பேரையும் ரோட்டுக்கு இழுத்துட்டு வந்தது அவ. ஒம்பொஞ்சாதி தம்பி! போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டான்னா, கதையிலயும் இல்லாமப் போயிருவாளா?”

“நீ காலேஜு முடிச்சதே அவ எடுத்த கொழுந்துலதான்,” என்றாள் மீனாம்பாள். தராசடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“படைக்குத் தலைவியா அவள வரைங்க,” என்றாள் விஜயகலா. “இல்லாட்டி எங்க மூஞ்சிய அழிச்சிருங்க. அவ இல்லாத படையில நாங்க இருக்க மாட்டோம்.”

“அழிக்க மாட்டேன்.”

“அப்ப வரைங்க!”

“முடியாது.”

“ஏன் முடியாது?” வெள்ளையம்மா எழுந்தே விட்டாள். “எங்க மூணு பேரையும் உசிரோட இருக்கிற மாதிரி வரையத் தெரிஞ்ச கைக்கு, கட்டினவ முகம் மறந்து போச்சா?”

அஜந்தன் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினான்.

“எனக்கு ஒரு கோடுகூட நேரா இழுக்க வராதுக்கா,” என்றான். “உங்க மூணு பேரையும் வீரமானவங்கன்னு நெனைச்சு, இதையெல்லாம் வரைஞ்சு வச்சிட்டுப் போனதே அவதான்.”