விழித்திரை

கண் மருத்துவமனையின் நீள பெஞ்சில் தையல்காரி உட்கார்ந்திருக்கிறாள். சொட்டு மருந்தில் கண்மணி விரிந்து, குழல்விளக்கு கூசுகிறது. வலது கண்ணில் மூன்று நாளாக மிதந்த கறுப்பு இழையைத் துணிப் பிசிறு என்று நினைத்து, முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தவள். ரெட்டினா கிழிந்திருக்கிறது, இன்றே ஆபரேஷன் என்று டாக்டர் இப்போதுதான் சொல்லிப் போனார். பக்கத்தில் அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவர். பயம் வந்தால் அவருக்குச் சொல்லாராய்ச்சி வந்துவிடும்.

“ரெட்டினா லத்தீன்லேருந்து வந்தது. வலைங்கிற சொல்தான் அதுக்கு வேர். அரபியிலயும் வலைதான், ஜெர்மன்ல வலைத்தோல். நாம விழித்திரைன்னு வச்சோம்.”

“இதுக்கு வேற நேரமே கிடைக்கலியா உங்களுக்கு?”

“கிழிஞ்ச வலையைத் தைச்சிரலாம்ல? தையல்காரிகிட்டயே சொல்றேன் பாரு.”

அவள் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அவர் பக்கம் திரும்புகிறாள்.

“என்னங்க, நம்ம ஆளுங்க வச்ச பேருதான் சரி. மேலேயிருந்து கறுப்பா ஒண்ணு எறங்குது. காலையில உங்க தலைமுடிதான் தெரியல. இப்ப நெத்தியும் போச்சு, கண்ணும் போச்சு.”

அவர் குனிந்து தன் முகத்தை அவள் கண்ணருகே கொண்டுவருகிறார்.

“நிறுத்தாதீங்க. வாய் இன்னும் தெரியுது. பேசுங்க.”