நண்டு இறங்கிய பக்கம்

"நாலு நண்டு நடந்துச்சுன்னு நாலு பேரும் வீட்டக் காலி பண்ணணுமா? உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா?"

"நாலு இல்லீங்க, நானூறு! வாசல்ல போய்ப் பாருங்க. என் மண்டையப் பத்தி அப்புறம் பேசலாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையும் மாப்பிள்ளையும். என் தையல் கடைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறவர், வெளியூர்க்காரர். எங்கள் ஆற்றோரத் தெருவில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நண்டு வளையை விட்டு வாசலுக்கு வந்தால், பின்னாலேயே ஆறு வரும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம். மலையை ஒட்டிய இடம். எந்த வெள்ளமும் அங்கே ஏறியதில்லை.

"வெயில் பொளக்குது மச்சான். ஆத்துல கணுக்கால் தண்ணி இல்ல. உங்க தங்கச்சிக்கு நீங்களாவது சொல்லுங்க" என்று கடைக்குள் வந்தார்.

நான் தங்கை பக்கம்தான் பேசினேன். "ஃபோன்ல வர்ற வானிலையே இப்பல்லாம் முன்னப்பின்ன இருக்கு மாப்ளே. நண்டு பொய் சொல்லாது. கெளம்புங்க."

"குடும்பமே நண்டுக் கட்சியா இருக்கே" என்று முனகிக்கொண்டே வேனை எடுத்தார்.

தங்கை, பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் என்று வேன் நிரம்பியது. மீதிப் பேர் நடந்தே ஏறினார்கள். மெஷின்களை மேஜை மேல் தூக்கி வைத்துவிட்டு வருவதாக நான் மட்டும் பின்தங்கினேன்.

தெரு காலி.

மலை உச்சியில் மட்டும் மேகம் அசையாமல் நின்றது. வாரக்கணக்கில் அது அங்கேதான் நிற்கிறது. முன்பெல்லாம் அப்படி நின்றதில்லை.

கேட்ட சத்தம் ஒன்றே ஒன்று. சிமெண்ட் தரையில் நண்டுக் கால்கள், யாரோ நகத்தால் சுரண்டுகிற மாதிரி. மதில் மேலிருந்த பூனை பார்த்துக்கொண்டே இருந்தது, இறங்கவில்லை.

கடைசி மெஷினை ஏற்றிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தபோதுதான் சரியாகப் பார்த்தேன்.

நண்டு பக்கவாட்டில் நடக்கும். அது போகிற திசையை முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. வாசலில் நண்டு என்றதும் மூட்டை கட்டினோமே தவிர, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒருவர்கூட நின்று பார்க்கவில்லை. எப்போதும் ஆற்றிலிருந்துதானே வரும்.

நண்டுகளின் முதுகில் ஆற்றுச் சேறு இல்லை. மலையின் செம்மண்.

மேட்டிலிருந்து இறங்கி, ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தன.

ஓடினேன். பாதி ஏற்றத்தில், லாரி கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நீளமாக.

கடைசி வளைவுக்கு அப்புறம் ரோடு இல்லை, சரிந்து கிடக்கிற செம்மண்தான். மேகம் தரை வரை இறங்கிவிட்டது, கூப்பிட்டால் என் குரல்தான் திரும்பி வருகிறது.

தங்கைக்கு ஃபோன் போட்டேன். அடிக்கிறது. அது அடிப்பது எனக்கே கேட்கிறது. எந்தப் பக்கமிருந்து என்றுதான் தெரியவில்லை.

தீயணைப்பு ஆட்களுக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறார்கள். அதுவரை செய்ய ஒன்றுமில்லாமல் இங்கே நின்று ஃபோனில் இதை எழுதிப் போடுகிறேன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வேறு வழியாக இறங்கிப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பதில் போடுங்கள். பெயர்கூட வேண்டாம். ஒரு புள்ளி வைத்தாலும் போதும்.