கட் சொன்ன பிறகு

சந்திரகாந்தன் திரையில் செத்துச் செத்தே பெயர் வாங்கிய நடிகர். பிணமாகக் கிடக்கும் காட்சி முடிந்து டைரக்டர் ‘கட்’ சொன்னதும், மூக்கில் வைத்த பஞ்சைப் பிடுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். தோஷம் கழிய அப்படியொரு வழக்கம். சிரிக்காமல் யாரையும் வீட்டுக்கு விட மாட்டார்கள். பிறகு அவர் அரசியலுக்குப் போய், எம்.பி. ஆகி, கடைசியில் ஒரு பாலைவன நாட்டுக்குத் தூதராகவும் வந்து சேர்ந்தார்.

அங்கே கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்த பிச்சைமுத்துவை அன்று ஊருக்கு அனுப்புகிறார்கள். பிணவறையில் பெட்டி திறந்திருந்தது. மூக்கில் பஞ்சு. தூதர் மாலை வைப்பதைப் படம் எடுத்த தூதரக ஊழியர், “முடிஞ்சுது சார்” என்றார்.

சந்திரகாந்தன் நகரவில்லை. பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். மூடியைத் தூக்கிப் பிடித்திருந்த இருவருக்கும் கை கடுத்தது. வெகுநேரம் கழித்து அவர் நிமிர்ந்து, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

பிச்சைமுத்துவோடு ஒரே அறையில் தங்கியிருந்த அந்தோணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். “பொணத்துப் பக்கத்துல நின்னு சிரிக்கிறீங்களே, நீங்கல்லாம் மனுசந்தானா?”

ஊழியர் கேமராவைச் சட்டென்று இறக்கினார்.

“எடுப்பா” என்றார் தூதர், சிரிப்பைக் கலைக்காமல், பெட்டியைக் கையால் காட்டி. “அவர் சிரிக்க மாட்டேங்கிறார்.”