இருபதாவது மிரட்டல்

ஹாங்காங்கில் வாட்ச்மேன் வேலைக்குப் போகவிருந்த தைரியநாதனுக்கு, அங்கிருந்த மச்சான் ஒரு கேசட் அனுப்பியிருந்தான். திருடர்கள் பேசும் கான்டனீஸ் மிரட்டல்கள் இருபது. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொல்லி, திருப்பிச் சொல்ல இடைவெளியும் விட்டிருந்தான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரிஷிவந்தியம் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. மெட்ராஸ் போக முடியாமல் ஆறு நாள் தைரியநாதன் வீட்டிலேயே பாடம் படித்தான். ‘மாய் யுக்’ என்றால் அசையாதே. ‘சாம் சேய் நேய்’ என்றால் வெட்டிக் கொன்றுவிடுவேன்.

ஏழாம் நாள் காலை. இருபதாவது மிரட்டல் முடிந்தது. அவன் வாயைத் திறக்கும் முன்பே, அதுவரை வெறுமையாக இருந்த இடைவெளியில் ஒரு குரல் கெஞ்சியது.

“வாணாங்க, வுட்டுடுங்க. புள்ளகுட்டிக்காரன்.”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி கிரேஸ் நிமிர்ந்தாள். “உங்க கொரலு. எப்ப ரெக்கார்டு பண்ணீங்க?”

“இந்த பிளேயர்ல ரெக்கார்டு பட்டனே இல்லியே.”

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. மச்சான் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு சொன்னான்: “பாடம் அவ்ளோதான். கெளம்பி வாங்க மாமா.”

ஒரு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. தைரியநாதன் எழுந்தான். கிரேஸ் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அவனுடைய பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தாள். அசையவில்லை.