படிக்க மட்டும்

பிரிந்து போன பிறகு மெர்லின் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு வேலைக்காகத்தான் வந்தாள். சண்டைகளின்போது அவள் அழுததையெல்லாம் வீட்டுக் கேமராவில் பதிந்து, வக்கீலிடம் காட்டக் கணவன் ஜெபசிங் சேர்த்து வைத்திருந்தான். அவள் கண்ணெதிரே அவற்றை அழித்துவிடுவதாகச் சமரசத்தில் ஒப்புக்கொண்டிருந்தான்.

பதிவுகள் சேமிக்கப்பட்டிருந்த வீட்டு சர்வரைத் திறந்து அழிக்கப் பார்த்தான். படிக்க மட்டுமே முடியும், மாற்றவோ அழிக்கவோ முடியாது என்றது திரை. அணைத்துப் போட்டுப் பார்த்தான். மறுபடியும் அதேதான்.

“நடிக்காதீங்க.”

“டிஸ்க் கெட்டுப்போச்சு. உள்ளதாவது மிஞ்சட்டும்னு சிஸ்டம் தானா பூட்டிக்கிச்சு. நான் என்ன செய்யட்டும்?”

“அப்போ டிஸ்க்கைக் கழற்றிக் கொடுங்க. நான் உடைச்சுக்கிறேன்.”

அவன் முகம் மாறியது. இறந்துபோன அவன் அம்மா பேசிய பதிவுகளும் அதில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

“அம்மாவோடதை மட்டும் காப்பி எடுத்துக்கிறேன். பத்து நிமிஷம்.”

மெர்லின் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அவன் பென்டிரைவைச் செருகி வேலையை ஆரம்பித்தான். சற்று நேரம் கழித்து அவள் எழுந்துபோய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். நகலாகிக்கொண்டிருந்த ஃபோல்டரில் அவள் பெயர் இருந்தது. அம்மாவின் பதிவுகள் அதற்குக் கீழே காத்திருந்தன.

மெர்லின் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை உருவினாள். பென்டிரைவையும் பிடுங்கினாள்.

“அம்மா அதுல இருக்காங்க, மெர்லின்.”

“அவங்களை ரெண்டாவதா வெச்சது நீங்கதான்.”

கீழே இறங்கிப் போய், கேட் அருகில் டிஸ்க்கைத் தரையில் வைத்து, ஒரு செங்கல்லைத் தூக்கினாள். அந்த வீட்டில் அவளிடம் அன்பாகப் பேசிய ஒரே குரலும் அதற்குள்தான் இருந்தது.