வீட்டுப் படத்தை அமுக்கினால்

ஐயாக்கண்ணு நான்காவது முறையும் வீட்டுப் படத்தையே அமுக்கினார். இணையதளமும் நான்காவது முறையாக முதல் பக்கத்துக்கே திரும்பியது.

தளத்தை வடிவமைத்த ஜெஸ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இதுவரை இணையதளம் பக்கமே போகாத ஒருவர், யார் உதவியும் இல்லாமல், மதியத்துக்குள் அறை பதிவு செய்து காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். கரடியூரில் எட்டு அறை விடுதி நடத்தும் ஜெப்சன் போட்ட நிபந்தனை அது.

அந்த ஒருவரையும் அவரே பிடித்திருந்தார். பக்கத்து ஊரான தலைச்சோலையில் காப்பியும் சாமையும் பயிரிடும் ஐயாக்கண்ணு, "ஒரு விசயமா உங்களப் பாக்க வந்தனுங்க" என்று காலையில் வாசலில் வந்து நின்றார். என்ன விஷயம் என்று கேட்காமலே அவர் கையில் ஒரு போனைத் திணித்து உட்கார வைத்துவிட்டார் ஜெப்சன்.

"ஏனுங்க, அதையே ஏன் அமுக்கறீங்க?" என்றாள் ஜெஸ்லின்.

"தங்கறதுக்கு ஊடு வேணும்னா ஊட்டுப் படத்தத்தான கண்ணு அமுக்கோணும்?"

எல்லாத் தளங்களிலும் அந்தப் படம் முகப்புக்குத்தான். ஆனால் ஆள் தங்கும் விடுதிக்கு அவர் சொன்னதுதான் நியாயம். அதை அமுக்கினால் அறைகள் வரும்படி பத்தே நிமிடத்தில் மாற்றினாள்.

இந்த முறை தடங்கல் இல்லை. தேதி கேட்டது, ஐயாக்கண்ணு கோடை விழா ஞாயிற்றுக்கிழமையைத் தொட்டார். கடைசி நேரத்தில் கூடுதல் வாடகைக்கு விடலாம் என்று ஜெப்சன் யாருக்கும் தராமல் வைத்திருந்த நாள் அது. அடியில் ஜெப்சன் ஆசைப்பட்டுப் போடச் சொன்ன வாசகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார்: 'பதிவான அறையை எக்காரணம் கொண்டும் நாங்கள் ரத்து செய்வதில்லை.' பிறகு நிதானமாகக் கடைசிப் பொத்தானை அமுக்கினார்.

ஜெப்சனின் சட்டைப்பையில் போன் 'டிங்' என்றது.

குருட்டாம்போக்கில் அமைந்திருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதே ஞாயிறு, இன்னொரு டிங். அதற்கப்புறம் ஐயாக்கண்ணுவிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை பழகட்டும் என்று அவரே போட்டுக்கொண்டிருந்தார். ஜெப்சன் ஒவ்வொரு டிங்குக்கும் தலையாட்டி ரசித்தார். 'அறை காலி இல்லை' என்று திரையில் வந்ததும்தான் அவர் கை நின்றது.

வேலை உனக்குத்தான் என்று ஜெஸ்லினிடம் சொல்லிவிட்டார் ஜெப்சன். அவள் பூரித்துப்போய், ஒத்திகைப் பதிவுகளை அழித்துவிடலாம் என்று மடிக்கணினியைத் திறந்தாள்.

"அழிச்சுராதீங்க கண்ணு" என்றார் ஐயாக்கண்ணு.

ஜெப்சனின் தலையாட்டல் நின்றது. "ஆமா, நீங்க என்ன விசயமா வந்தீங்க?"

"அன்னைக்கு எம்பொண்ணுக்குக் கல்யாணமுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு ரூம் கேக்க வந்தனுங்க. போன வாரம் போன்ல கேட்டப்ப ஒண்ணுகூட இல்லைன்னீங்க. இதுல எட்டும் இருந்துதுங்களே!"